வலிக்காத பாதத்தைக் காப்பது எப்படி: சர்க்கரை நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும்

“காலு மதமதன்னு இருக்கு, ஆனா வலி கிலி ஒண்ணும் இல்ல.” பத்து வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவர் இப்படிச் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். பயப்பட வேண்டிய பேச்சே அதுதான். வலி தெரிகிற பாதத்தை அதன் சொந்தக்காரர் தன்னையறியாமல் பார்த்துக்கொள்வார். முள் குத்தினால் நின்று பிடுங்குவார், செருப்பு கடித்தால் கழற்றி ஓரமாக வைப்பார், தரை சுட்டால் நிழலுக்கு ஓடுவார். உணர்ச்சி போன பாதத்துக்கு இந்தக் காவல் கிடையாது. அந்த வேலையைக் கண்ணும் கையும் தினமும் செய்தாக வேண்டும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காட்டு மண்ணில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். இங்கே வெயில் கடுமை. வெறுங்காலோடு மலையேறும் கோயில்கள் நிறைய. வயல், தோல் பதனிடும் தொழிற்சாலை, ஷூ கம்பெனி என்று நின்றபடியோ ஈரத்திலோ வேலை செய்பவர்களும் நிறைய.

உடம்புக்குள் நடப்பது

சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே ஓடினால் நரம்புகள் கெடும். நீளமான நரம்பு முதலில் அடிபடும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை போகும் நரம்புகள்தான் உடம்பிலேயே நீளமானவை. அதனால்தான் மதமதப்பு விரல் நுனியில் தொடங்கி, இரண்டு காலிலும் சமமாக, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. சிலருக்கு முதலில் ராத்திரியில் எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே உணர்ச்சி போய்விடும். எரிச்சல் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நரம்பு முழுதாகச் செயலிழந்தாலும் எரிச்சல் நிற்கும்.

உணர்ச்சி நரம்போடு இன்னும் இரண்டு வகை நரம்புகளும் கெடுகின்றன. பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளை இயக்கும் நரம்பு பழுதானால் அந்தத் தசைகள் மெலிந்து, விரல்கள் கொக்கி போல வளையும். விரல் வளைந்தால் அதன் அடியில் இருக்கும் எலும்பு முனை கீழே துருத்தும். அதுவரை அதற்கு மெத்தையாக இருந்த கொழுப்புத் திட்டு முன்பக்கம் நகர்ந்துவிடும். பெருவிரலுக்கு அடியில், பாதத்தின் முன்மேட்டில் அடிக்கடி புண் வருவதற்குக் காரணம் இது. மூன்றாவது, வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்பு. அது ஓய்ந்தால் பாதம் வியர்க்காது, தோல் காய்ந்து குதிகால் வெடிக்கும். பித்த வெடிப்பு என்று விட்டுவிடுகிற அந்தப் பிளவுதான் கிருமி நுழையும் வாசல்.

இவற்றோடு ரத்தக் குழாய் அடைப்பும் சேர்ந்தால் நிலைமை வேறு. சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்கள் சுருங்கும். பீடி, சிகரெட் பழக்கம் அதை வேகப்படுத்தும். ரத்தம் வராத காலில் மருந்தும் போய்ச் சேராது. சர்க்கரை ஏறி நிற்கும்போது வெள்ளை அணுக்களும் மந்தமாகிவிடுவதால், சாதாரணமாக மூன்று நாளில் ஆறவேண்டிய கீறல் சீழ் வைக்கிறது.

வேலூரிலிருந்து தெரிந்துகொண்டது

மரத்துப்போன காலில் ஏன் புண் வருகிறது என்று உலகத்துக்குப் புரிந்ததில் இந்த ஊருக்குப் பெரிய பங்குண்டு. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். அவரும் உடன் வேலை செய்தவர்களும் நோயாளிகளின் கைகால்களை உற்றுப் பார்த்ததில், அந்தச் சதை மற்றவர்களுடையதைப் போலவே ஆறுகிறது என்று தெரிந்தது. வலி தெரியாததால் அவர்கள் காயத்தின் மேலேயே நடந்தார்கள், சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்தார்கள். தூங்கும்போது எலி கடிப்பதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. அதனால் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இந்த வழியில் பல ஆண்டுகள் உழைத்தது. இன்று சர்க்கரைக் கால்களுக்குக் கொடுக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு இந்த வட்டாரத்தில் வளர்ந்து நாடெங்கும் பரவியது.

புண் மூன்று வழியில் வரும் என்று பிராண்ட் பிரித்துச் சொன்னார். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் காவல் முடிந்தது. முதல் வழி, லேசான அழுத்தம் மணிக்கணக்கில் விடாமல் இருப்பது. இறுக்கமான ஷூ அந்த இடத்து ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். விரல் ஓரத்தில் வரும் புண் பெரும்பாலும் இந்த வகை. இரண்டாவது, ஒரே அடியில் காயம்: ஆணி, கண்ணாடி, சீமைக் கருவேல முள், சூடு. மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றுவது. தினசரி நடை, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான மிதி. ஒரு மிதியால் ஒன்றும் ஆகாது. ஆனால் உணர்ச்சி உள்ளவர் கால் நோக ஆரம்பித்ததும் நடையைக் கொஞ்சம் மாற்றுவார், ஓரமாக ஊன்றுவார். மரத்த கால் முதல் அடியை எப்படி வைத்ததோ அப்படியே கடைசி அடியையும் வைக்கும். உள்ளே சதை நைந்து, சூடேறி, மேல்தோல் அப்படியே இருக்க அடியில் நீர் கோத்து, பிறகு ஒருநாள் உடைந்து வெளியே தெரியும். “திடீர்னு புண்ணு வந்துச்சு” என்பார்கள். அது வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே உள்ளே தொடங்கிவிட்டது.

உணர்ச்சி இருக்கிறதா? வீட்டில் ஒரு நிமிடச் சோதனை

இதற்குக் கருவி வேண்டாம், இன்னொரு ஆள் போதும். சோதிக்கப்படுபவர் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர் ஆள்காட்டி விரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை மட்டும் தொட வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். ஒரு இறகு விழுகிற மாதிரி தொட்டு, ஒன்றிரண்டு நொடி வைத்து எடுக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டதும் “வலது”, “இடது” என்று சொல்லச் சொல்லுங்கள். “தெரியுதா? தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே தொட்டால் சோதனை கெட்டுவிடும். தெரியாத இடத்தை மறுபடி தொட்டுப் பார்ப்பதும் கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்ச்சி குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் சோதிப்பார்கள். காய்ப்பு ஏறிய இடத்தில் இதை வைத்தால் பலன் தப்பாகும், பக்கத்துத் தோலில் வைக்க வேண்டும். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பதும் இதில் சேர்த்தி. சர்க்கரை நோய் உள்ள எல்லோருக்கும் இந்தச் சோதனை வருடம் ஒருமுறை. உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள். முன்பே புண் வந்து ஆறியவர், விரல் எடுத்தவர் என்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சர்க்கரை டாக்டர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மாத்திரை எழுதினால், நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைக் காட்டுங்கள். கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இரண்டு காலிலும் சமமாக இல்லாமல், ஒரே காலில் மரத்துப்போனாலோ, உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருந்தாலோ சர்க்கரையின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும், முழுமையாகக் குணமாகும். அதேபோல் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிடுபவர்களுக்கு பி12 சத்து குறைந்து அதனாலும் கால் மரக்கலாம். அந்த ரத்தப் பரிசோதனையை ஒருமுறை கேட்டுப் பெறுங்கள்.

தினமும் ராத்திரி பத்து நிமிடம்

படுக்கப் போகும் முன் செய்வது நல்லது. பகலில் நடந்த கேடு அப்போதுதான் தெரியும். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து மேற்புறம், உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரலிடுக்கு என்று வரிசையாகப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் பாதத்தைப் பிடித்துப் பார்க்கலாம். சர்க்கரையால் கண் பார்வை மங்கியவர்கள் தாங்களே பார்ப்பதில் பயனில்லை. மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ பார்க்கட்டும்.

தேட வேண்டியவை: சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, ஈரமாக வெளுத்துப்போன விரலிடுக்கு, நகத்தோரம் வீக்கம், புதிதாக ஏறிய காய்ப்பு. காய்ப்புக்கு நடுவே கருஞ்சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, அதைப் புண்ணாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சாக்ஸில் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்காகவே வெள்ளை அல்லது வெளிர் நிறச் சாக்ஸ் போடச் சொல்கிறோம்.

பிறகு புறங்கையால் இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் தடவிப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் மற்றக் காலின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால் உள்ளே சதை நைகிறது என்று பொருள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் சும்மா கிடந்தால் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். இரண்டு காலிலும் ஒரே இடங்களை, ஒரே தூரத்திலிருந்து அளந்து எழுதி வையுங்கள். காட்டும் எண் சரியா என்பதைவிட, இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வெயிலில் நடந்து வந்த உடனே அளக்காதீர்கள். கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும்.

கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணீரே போதும். வெந்நீரில் கால் ஊற வைக்கும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. மரத்த காலுக்கு அது ஆகவே ஆகாது. சூடு தெரியாமல் வெந்துபோன கால்கள் ஏராளம். ஊறிய தோல் இன்னும் எளிதாகக் கிழியும். வெதுவெதுப்பான தண்ணீர்தான் வேண்டும் என்றால் வீட்டில் வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும், 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. கழுவியதும் விரலிடுக்குகளை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். உள்ளங்காலுக்கும் குதிகாலுக்கும் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவலாம். வெடிப்பு ஆழமாக இருந்தால் யூரியா கலந்த களிம்பு நன்றாகக் கேட்கும். விரலிடுக்கில் மட்டும் எதையும் தடவாதீர்கள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தை வளைத்துத் தோண்டக் கூடாது. கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவுவது, கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவது இரண்டும் வேண்டாம். அந்தப் பிளாஸ்திரியில் இருக்கும் அமிலம் ஆணியையும் தின்னும், சுற்றியுள்ள நல்ல தோலையும் தின்னும். காய்ப்பு தடித்தால் அடியில் கல் வைத்து நடக்கிற மாதிரி அழுத்தம் ஏறும். ஆகவே அதை எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிற வேலையைப் பாத சிகிச்சைப் பிரிவில் பழகினவர்கள் செய்யட்டும்.

செருப்பு: இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடித் தோலும் ஷூவும் கடல் தாண்டிப் போகின்றன. அதே ஊர்களில் மரத்த காலோடு ரப்பர் ஹவாய் செருப்பில் நடப்பவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். ஹவாயில் மூன்று கேடு. கழன்றுவிடாமல் இருக்க விரலை மடக்கிப் பிடித்தே நடக்க வேண்டியிருக்கிறது, அது விரலை இன்னும் வளைக்கும். வார் விரலிடுக்கை அறுக்கும். காலைவிட்டுச் செருப்பு நழுவிப் போனதுகூட மரத்த காலுக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறும்போது ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்த பிறகு கவனிப்பார்கள்.

வேண்டியது பின்வார் வைத்த, விரலிடுக்கில் வார் இல்லாத, மேலே ஒட்டும் பட்டை உள்ள செருப்பு. உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர், அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான ரப்பர். எம்.சி.ஆர். என்று சொல்லி ஏதோ ஒரு பஞ்சை ஒட்டிக் கொடுப்பதும் உண்டு. ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்குங்கள். பாதித் தடிமனுக்கு இறங்கி, விட்டதும் பழையபடி எழும்ப வேண்டும். அமுங்கவே இல்லை என்றால் அது கட்டி ரப்பர். அமுங்கி எழும்பவில்லை என்றால் அது வெறும் பஞ்சு, ஒரு மாதத்தில் தட்டையாகிவிடும். செருப்பில் எங்கும் இரும்பு ஆணி அடித்திருக்கக் கூடாது, தையலும் பசையும்தான். ரப்பர் தேயத் தேய ஆணி முனை மேலே வரும், அது ஏறுவது காலுக்குத் தெரியாது. வார் அறுந்தால் தெருவோரத்தில் ஆணி வைத்து அடித்துக்கொள்வதும் இதனாலேயே ஆகாது.

வாங்கப் போவது சாயந்திரமாக இருக்கட்டும், பகல் முழுக்க நடந்த கால் அப்போது கொஞ்சம் உப்பியிருக்கும். உட்கார்ந்து போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எழுந்து நில்லுங்கள். ஷூவாக இருந்தால் நீளமான விரலுக்கு முன்னால் ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. இடம் வேண்டும். உள் அகலம் பாதத்தின் அகலமான இடத்துக்குச் சமமாக வேண்டும். “போடப் போட சரியாயிடும்” என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். மரத்த காலுக்குப் பிடித்தமாகத் தெரியும் ஷூ பெரும்பாலும் ஒரு அளவு சின்னது. இறுக்கினால்தான் போட்ட உணர்வே வருவதால் அப்படித் தோன்றுகிறது. இன்னொரு வழி: வெறுங்காலை ஒரு அட்டையில் வைத்து நின்று, சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டை ஷூவுக்குள் மடங்காமல் தட்டையாக உட்கார வேண்டும்.

புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் வீட்டுக்குள் போட்டுக் கழற்றிப் பாருங்கள். எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே கடிக்கிறது. சிவப்பு இல்லை என்றால் நாளுக்கு அரை மணி நேரமாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறை போடும் முன்பும் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். ஜல்லி, வேர்க்கடலை ஓடு, பிள்ளைகள் போட்ட பொம்மைச் சக்கரம் என்று எதுவும் கிடக்கலாம். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம். வீட்டுக்குள் செருப்பு ஆகாது என்று நினைப்பவர்கள் உள்ளுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். பூஜை அறை வாசலில் கழற்றினால் போதும்.

வெயில், மலை, தீமிதி

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது தார்ச்சாலையும் கோயில் கருங்கல்லும் அதைவிட மிக அதிகமாகச் சுடும், 60 டிகிரிக்கு மேலும் போகும். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு நொடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். உணர்ச்சி உள்ளவர் துள்ளித் துள்ளி ஓடுகிற பிராகாரத்தில் மரத்த கால் நிதானமாக நடந்து, மாலையில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வீடு வரும். சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு முன்பு அல்லது பொழுது சாய்ந்த பிறகு போங்கள், தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், சாக்கு விரிப்பு போட்ட வழியிலேயே நடங்கள்.

கிரிவலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருவண்ணாமலையைச் சுற்றி வர 14 கி.மீ. ஒரு அடி 70 செ.மீ. என்றால் 20,000 அடி, ஒரு காலுக்கு 10,000 மிதி. பௌர்ணமி இரவில் சூடு இருக்காது, ஆனால் மேலே சொன்ன மூன்றாவது வழிக் கேடு இதுதான். உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு இதைச் செய்யவே கூடாது. செருப்போடு சுற்றலாம், ஆட்டோவில் சுற்றலாம். புண் இருக்கும்போதோ ஆறிய சில மாதங்களுக்குள்ளோ செருப்போடும் வேண்டாம். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி, இப்போது ரோப் கார் இருக்கிறது, அதில் போங்கள். திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் மட்டும் சமரசத்துக்கு இடமில்லை. மரத்த காலோடு தீ இறங்கக் கூடாது. வேண்டுதல் இருந்தால் வீட்டில் வேறொருவர் இறங்கட்டும், அல்லது அம்மனுக்கு வேறு விதமாகச் செலுத்துங்கள்.

கோயிலுக்கு வெளியேயும் சூடு இருக்கிறது. டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியை ஒட்டி உட்கார்ந்தால் பாதம் வேகும், அந்த இடத்தில் உட்காராதீர்கள். பைக் சைலன்சரும் அப்படியே. மார்கழிக் குளிருக்கு வெந்நீர்ப் பை, கணப்புச் சட்டி வேண்டாம், சாக்ஸ் போதும்.

வேலையைப் பொறுத்து

தோல் பதனிடும் இடத்தில் கம்பூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அப்படியே மாலைவரை நிற்காதீர்கள். மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி கொண்டுபோய், உணவு இடைவேளையில் காலைத் துடைத்து மாற்றுங்கள். சிமெண்ட் வேலையில் ஈரக் கலவை காரத்தன்மை உடையது. விரலிடுக்கில் தங்கி மணிக்கணக்கில் தோலை அரித்துப் புண்ணாக்கும், மரத்த காலில் எரிவே தெரியாது. நாற்று நடவு, களையெடுப்புக்குப் போகிறவர்கள் வேலை முடிந்ததும் கரையிலேயே கழுவித் துடைத்துவிட வேண்டும். ஷூ கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்து பெடல் மிதிக்கும் பெண்களுக்கு ஒரே விரலடியில் காய்ப்பு ஏறும், அந்தப் பாதத்தைத் தினமும் பாருங்கள். தரையில் படுப்பவர்கள் எலித்தொல்லை இருந்தால் கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிப் படுக்க வேண்டும்.

புண் வந்துவிட்டால்

ஓடுகிற சுத்தமான தண்ணீரிலோ மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் தண்ணீரிலோ கழுவுங்கள். மருந்துக் கடைத் துணிக்கட்டை வைத்து லேசாக மூடுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, வேப்பிலை அரைத்த விழுது எதுவும் வேண்டாம். அவை புண்ணை மூடி மறைத்துவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்று மருத்துவரால் பார்க்க முடியாது. நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிருமியோடு புதிதாக வளரும் சதையையும் அழிக்கும். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசி கேளுங்கள். எவ்வளவு சின்னப் புண்ணாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் காட்டிவிடுங்கள்.

புண்ணைச் சுற்றிய சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால், சிவப்பு புண்ணிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் போனால், நாற்றம், சீழ், காய்ச்சல், குளிர் நடுக்கம், விரல் கறுப்பது, காரணமின்றிச் சர்க்கரை எகிறுவது என்று எது வந்தாலும் நாளை என்று தள்ளாதீர்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சிஎம்சியோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே அன்றே போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108.

புண் இல்லாமலே ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, கொதித்து, வலி அதிகம் இல்லாமல் இருந்தால் அது எலும்பு மூட்டுகள் நொறுங்கிக்கொண்டிருக்கும் சார்க்கோ நிலையாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு நடந்தால் பாதத்தின் வளைவு சரிந்து படகு அடி போல ஆகிவிடும். அந்தக் காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

சிகிச்சையில் அதிகம் கோட்டை விடுவது எங்கே என்றால், கட்டுப் போட்டுக்கொண்டு நடப்பதில்தான். உள்ளங்கால் புண்ணுக்கு முதல் மருந்து அந்த இடத்தில் பாரம் விழாமல் செய்வது. அதற்காகத்தான் பாதத்தோடு ஒட்டிய முழு மாவுக்கட்டு போடுகிறார்கள். பாரத்தை முழுப் பாதத்துக்கும் காலுக்கும் அது பிரித்துக் கொடுக்கும். ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, தொற்றும் இல்லாவிட்டால் இந்த முறையில் பெரும்பாலான புண்கள் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறும். கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுத்தால் ராத்திரி பாத்ரூம் போகும்போதும் மாட்ட வேண்டும். “நாலு அடிதானே” என்று ஒரு நாளில் இருபது முறை வைத்த அடிகள்தான் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கும். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, போட்டாலும் சீக்கிரம் ஆறாது. நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எலும்பில் தொற்று இருக்கிறதா, ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா என்று மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரலை எடுக்க வேண்டும் என்று சொன்னால், அதற்கு முன் ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சர்க்கரை அளவைப் பற்றிச் சுருக்கமாக: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள், மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 7க்குள் என்பது பெரும்பாலோருக்கான இலக்கு. வயதானவர்களுக்கு மருத்துவர் கொஞ்சம் தளர்த்துவார். மாத்திரை தீர்ந்தது என்று இடையில் நிறுத்தாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். பீடியை விட்டே ஆக வேண்டும்.

ஆறிய பிறகு

ஆறிய புண்களில் நூற்றுக்குச் சுமார் நாற்பது ஓராண்டுக்குள் திரும்பி வருகின்றன, பெரும்பாலும் அதே இடத்தில். மூடிய தோல் புதிது, அடியில் இருப்பது வடுச் சதை, அது பழைய சதை போல வளைந்து கொடுக்காது. கட்டுப் பிரித்த அன்றே சந்தைக்கு நடந்து போனவர்கள் மறுவாரமே திரும்பி வருவதுண்டு. முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், எம்.சி.ஆர். செருப்போடு, சின்னச் சின்ன அடியாக நடங்கள். ஒவ்வொரு நாளும் நடந்து முடித்துக் கால் மணி நேரம் கழித்து அந்த இடத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இல்லை என்றால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம். சூடு இருந்தால் ஒரு நாள் ஓய்வு, பிறகு பழைய அளவிலிருந்தே தொடங்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் போடுகிற செருப்பு, வெளியே போடுகிறது, வேலைக்குப் போடுகிறது எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். உள்மெத்தையில் எந்த இடம் குழிந்திருக்கிறது, அடி ரப்பர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே அடுத்த புண் எங்கே வரும் என்று பழகினவர்கள் சொல்லிவிடுவார்கள்.